வெட்டாத மலையும் குறைந்தது: சண்டூர் மலைகளின் பழைய நிலவரைபடங்களை வைத்துப் போட்ட ஒரு கணக்கின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு அல்சூரில் மூன்று பேர் மட்டுமே வேலை செய்யும் ஒரு நிலவரைபட அலுவலகத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறோம். ஒருவர் அலுவலகத்தை நடத்துபவர். இதை எழுதுபவரும் அவரே. இரண்டாமவர் கிருஷ்ணகிரியிலிருந்து வந்து தங்கியிருக்கும் இளம் பொறியாளர். மூன்றாமவர் கோலார் தங்கவயலில் சுரங்க அளவையராக இருந்தவர். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்ட பிறகு வெவ்வேறு வேலைகள் பார்த்துவிட்டு, இப்போது வாரம் இரண்டு நாள் மாரிக்குப்பம் ரயிலில் வந்து எங்கள் தாள்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறார். நாங்கள் அவரை ஐயா என்றுதான் அழைப்போம்.

சுற்றுச்சூழல் வழக்குகளைக் கவனிக்கும் ஒரு வழக்கறிஞர் குழு எங்களிடம் வந்து ஒரே ஒரு கேள்வியை வைத்தது. பல்லாரி மாவட்டம் சண்டூரைச் சுற்றியுள்ள இரும்புத் தாது மலைகளில் குறிப்பிட்ட இரண்டு முகடுகள், வெள்ளையர் காலத்து வரைபடம் வரையப்பட்ட நாளிலிருந்து இன்று வரை எத்தனை கன மீட்டர் குறைந்திருக்கின்றன? அவர்களுக்கு ஓர் எண் தேவைப்பட்டது. அது ஓர் இணைப்புத் தாளின் முதல் வரியில் இடம்பெற வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள்.

அந்த மலைகளைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். சண்டூர்ப் பள்ளத்தாக்கின் இருபுறமும் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீளும் முகடுகள் தார்வார் காலம் எனப்படும் மிகப் பழைய காலத்துப் பாறைகளால் ஆனவை. பட்டை பட்டையாக அமைந்த ஹேமடைட் பாறையும், அதன் மேல் தொப்பி போலப் படிந்த தாதுவும் பெரும்பாலும் உச்சிகளில்தான் இருக்கின்றன. அதனால் இங்கே சுரங்கம் என்பது முதலில் தலையைச் சீவுவதாகவே தொடங்கும், குழி பிறகுதான். ராபர்ட் புரூஸ் ஃபுட் 1895இல் வெளியான தம் பல்லாரி மாவட்ட நிலவியல் நூலில் இந்த முகடுகளை விரிவாக எழுதியிருக்கிறார். பல்லாவரத்துக் கற்கருவியைக் கண்டெடுத்தவராகத் தமிழர் அறிந்திருக்கும் அதே ஃபுட்தான் இவர். அப்போது பல்லாரி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1953இல்தான் மைசூருக்குப் போனது. சண்டூர் அந்த மாவட்டத்தால் சூழப்பட்ட ஒரு சிறு சமஸ்தானமாக 1949 வரை இருந்தது. இந்த விவரம் பின்னால் ஒரு தவறுக்குக் காரணமாயிற்று.

கையில் இருந்தவை

வழக்கறிஞர் குழு இரண்டு ஸ்கேன் படங்களைக் கொடுத்தது. ஒன்று, அங்குலத்துக்கு நான்கு மைல் அளவில் 19ஆம் நூற்றாண்டில் வெளியான இந்திய அட்லஸ் தாள். அதில் மலைகள், சரிவைக் காட்டும் மெல்லிய மயிர்க்கோடுகளால் நிழலிடப்பட்டிருந்தன. உயரக் கோடு கிடையாது. மற்றொன்று, அங்குலத்துக்கு ஒரு மைல் அளவிலான 57 ஏ/12 எண்ணுள்ள டோப்போஷீட், அதாவது நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் அரசு வரைபடத் தாள் (இனி அங்குலத் தாள்). இந்த எண் முறையை அறியாதவர்களுக்காக: 57 என்பது 4 பாகைக்கு 4 பாகை உள்ள பெரிய கட்டம், அதற்குள் ஏ (A) முதல் பி (P) வரை பதினாறு ஒரு பாகைக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் 15 கலைக்கு 15 கலை (60 கலை ஒரு பாகை) அளவில் பதினாறு தாள்கள். சண்டூர் ஊர் 57 ஏ/12இல் விழுகிறது. முகடுகளின் தெற்கு நுனி 57 பி/9 (57 B/9) தாளுக்குள் நீள்கிறது. எங்களுக்குத் தரப்பட்ட இரண்டு முகடுகளும் நல்லவேளையாக ஒரே தாளுக்குள் அடங்கின.

அங்குலத் தாளில் 50 அடிக்கு ஒரு சமஉயரக் கோடு (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு) இருந்தது. ஓரத்தில் இரண்டு ஆண்டுகள் அச்சாகியிருந்தன. ஒன்று அச்சிட்ட ஆண்டு, மற்றொன்று நிலத்தை அளந்த ஆண்டு. இரண்டுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. எங்கள் முதல் குறிப்பேட்டில் அச்சிட்ட ஆண்டையே எழுதிவிட்டோம். ஐயா முதல் நாளே அதை அடித்துத் திருத்தினார்.

முதல் வாரம்: கிழக்கே நகர்ந்த மலை

பொறியாளர் அட்லஸ் தாளைத்தான் முதலில் எடுத்தார். ஓரத்திலிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு அதை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தியபோது, முகடு முழுவதும் நான்கு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போய் நின்றது. மென்பொருள் கோளாறு என்றே அரை நாள் தேடினோம்.

காரணம் சென்னையில் இருந்தது. இந்திய அளவீட்டில் தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டவை. அந்த அடிப்படை எண் சற்று மிகுதியாக ஏற்கப்பட்டிருந்ததைத் தந்திவழி நேர ஒப்பீடு பின்னால் காட்டியது. 1905 முதல் 2 கலை 27 விகலை (60 விகலை ஒரு கலை) கழிக்கப்பட்டது. சண்டூரின் அட்சரேகையில் அது சுமார் 4.4 கிலோமீட்டர். இதைக் கழித்ததும் முகடு தன் இடத்துக்கு வந்தது. மயிர்க்கோடுகளிலிருந்து உயரம் எடுக்க முடியாது என்பதால், அதன் பிறகு அட்லஸ் தாளை ஊர்களின் இருப்பைப் பார்க்க மட்டுமே வைத்துக்கொண்டோம்.

அங்குலத் தாளில் இந்தத் திருத்தம் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. அங்கே இருந்தது வேறொரு விலகல். அந்தத் தாள் எவரெஸ்ட் 1830 நீள்வட்டகத்தின், அதாவது பூமியின் வடிவத்துக்கான ஒரு கணித மாதிரியின், மேல் கணக்கிடப்பட்டது. ஜிபிஎஸ் தருவதோ டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு மாதிரியின்படி. இரண்டுக்கும் இடையே இந்தப் பகுதியில் ஏறக்குறைய 180 மீட்டர் விலகல் உண்டு. தாளில் அது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்குப் படாது, கணக்கில் மட்டும் படும். பொறியாளர் இதை முன்பே அறிந்திருந்ததால் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

இதே வாரத்தில் மற்றொரு பிழையும் நேர்ந்தது. முகட்டின் மேல் ஓடிய ஒரு புள்ளிக்கோட்டைக் காப்புக்காட்டு எல்லை என்று எடுத்து வரைந்துவிட்டோம். அது சண்டூர் சமஸ்தானத்தின் எல்லை. தாளின் கீழே இருந்த எல்லைக் குறிகளின் பட்டியலைப் பார்த்திருந்தால் போதும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: எண் வெளியே போனது

அங்குலத் தாளை நான்கு மூலைகளைக் கொண்டு பொருத்தினோம். மென்பொருள் காட்டிய பிழை மிகச் சிறியதாக இருந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்தோம். பிறகு சமஉயரக் கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்து, அடியை மீட்டராக்கி, பழைய மலையின் உயரப் பரப்பை உருவாக்கினோம். இன்றைய மலைக்கு ராடார் செயற்கைக்கோள்கள் 2011க்கும் 2015க்கும் இடையே அளந்த, இலவசமாகக் கிடைக்கும், 30 மீட்டருக்கு ஓர் உயரம் தரும் கோப்பர்நிக்கஸ் தரவை எடுத்தோம். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தோம்.

படம் அச்சு அசலாக எதிர்பார்த்தபடியே வந்தது. சுரங்கங்கள் இருந்த இடமெல்லாம் அடர்சிவப்பு. அதன் கன அளவைக் கூட்டி, ‘தற்காலிகக் கணக்கு’ என்று தலைப்பிட்டு வழக்கறிஞர் குழுவுக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம். அந்த எண்ணை இங்கே தரவில்லை. அது தவறானது, தவறான எண்ணுக்கு எங்கே எழுதினாலும் கால் முளைத்துவிடும். நான்கு நாட்களில் அது அவர்களுடைய வரைவு மனுவில் ஏறியிருந்தது. ‘தற்காலிக’ என்ற சொல் மட்டும் வழியில் உதிர்ந்திருந்தது.

நான்காம் வாரம்: ஐயாவின் கேள்வி

அடுத்த முறை வந்தபோது ஐயா திரையில் அந்தச் சிவப்புப் படத்தை நெடுநேரம் பார்த்தார். சுரங்கப் பகுதியை அவர் பார்க்கவே இல்லை. அதற்கு வெளியே, காடு மூடிய சரிவுகளைக் காட்டிக் கேட்டார்: “தம்பி, வெட்டாத எடத்துல எவ்ளோ கொறஞ்சிருக்குன்னு பாத்தியா?”

நாங்கள் பார்த்திருக்கவில்லை. சுரங்கக் குத்தகை எல்லைக்கு வெளியே இருந்த அனைத்தையும் கணக்கில் வராத பகுதி என்று வெட்டி எறிந்திருந்தோம். அன்று மாலையே எவரும் கை வைக்காத இரண்டு சரிவுகளைத் தேர்ந்தெடுத்துக் கழித்துப் பார்த்தோம். ஒரு சரிவு இருபது மீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தது. அதன் எதிர்ச்சரிவு ஏறக்குறைய அதே அளவுக்கு வளர்ந்திருந்தது. மலை தேயலாம், வளர முடியாது.

ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடினால், உயரத்தில் தவறில்லை, தாள் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது என்று பொருள். 30 பாகைச் சரிவில் 60 மீட்டர் நகர்ந்தால் உயரத்தில் ஏறக்குறைய 35 மீட்டர் பொய்யாகத் தோன்றும். ஆனால் நான்கு மூலைகளும் சரியாகப் பொருந்தியிருந்தபோது நடுவில் எப்படி நகரும்?

விடை ஸ்கேனிலேயே இருந்தது. அது துணியில் ஒட்டி மடிக்கப்பட்ட பிரதி. களத்துக்கு எடுத்துச் செல்வதற்காக அக்காலத்தில் தாளைத் துண்டுகளாக வெட்டி, மடிப்புக்கு இடம் விட்டுத் துணியில் ஒட்டுவார்கள். துண்டுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான வெள்ளைச் சந்துகள் ஓடின. படத்தைப் பெரிதாக்காமல் பார்த்தால் அவை மடிப்புக் கோடுகள் போலவே தெரிந்தன. அங்குலத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது 63 மீட்டர். மூலைகளை மட்டும் வைத்துப் பொருத்தியதால், சந்துகளின் மொத்த அகலத்தையும் மென்பொருள் தாள் முழுவதும் சமமாகப் பரப்பிவிட்டது. மூலைகளில் பிழை இல்லாமலும், துண்டுகளின் ஓரங்களில் ஐம்பது அறுபது மீட்டர் பிழையோடும் மலை அமர்ந்திருந்தது. சரிபார்க்க வேண்டிய புள்ளிகளையே பொருத்தவும் பயன்படுத்தினால் பிழை தெரியாது. இதை நாங்கள் மற்றவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம்.

அந்தப் பிழையின் அளவை உணர ஒரு கணக்குப் போதும். ஒரு சதுர கிலோமீட்டரில் 15 மீட்டர் உயரம் தவறினால் 1.5 கோடி கன மீட்டர் தவறுகிறது. கன மீட்டருக்கு 3 டன் என்று குறைத்து வைத்தாலும் அது 4.5 கோடி டன். 2013 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் முழுவதற்கும் ஓராண்டுக்கு விதித்த உச்சவரம்பே 3 கோடி டன்தான். அதில் பல்லாரிக்கு 2.5 கோடி. ஒரு சமஉயரக் கோட்டின் இடைவெளி அளவுக்குத் தவறினால், ஒரு மாநிலத்தின் ஓராண்டுத் தாதுவை மிஞ்சிய பொய்த் தாது ஒரு சிறு முகட்டிலிருந்து தோண்டப்பட்டதாகிவிடும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்றிரவே வழக்கறிஞர் குழுவைத் தொலைபேசியில் அழைத்து எண்ணைத் திரும்பப் பெற்றோம். மறுநாள் எழுத்தாகவும் அனுப்பினோம். திருத்திய எண் வந்த பிறகு சேர்த்துச் சொல்லலாமே என்று எங்களுக்குள் ஒரு கருத்து இருந்தது. ஆனால் மனு எந்த நாளிலும் தாக்கலாகலாம் என்பதால் காத்திருப்பது நேர்மையாகாது என்று முடிவு செய்தோம்.

அடுத்து, ஸ்கேன் படத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் தனியே பொருத்தினோம். இந்தப் பிரதியில் கெஜக் கணக்கில் போட்ட கட்டக் கோடுகள் அச்சாகியிருந்ததால், அவை ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகள் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் போதுமான அளவு கிடைத்தன. இரண்டு நாளில் முடியும் என்று நினைத்த வேலை ஒன்பது நாள் இழுத்தது. முடித்த பிறகு வெட்டாத சரிவுகளில் தோன்றிய பொய்க் குறைவு பாதிக்கும் கீழே இறங்கியது, ஆனாலும் மறையவில்லை.

மிஞ்சியதற்குக் காரணம் தாளை வரைந்த முறையே. அக்கால அளவையர் தளமேசையை (தாள் விரித்த முக்காலிப் பலகையை) நிறுத்தி, முக்கோண அளவீட்டால் உறுதியான புள்ளிகளிலிருந்து பார்வைக் கோடு இழுத்து, கிளைனோமீட்டர் என்ற சாய்வு அளக்கும் கருவியால் சில இடங்களின் உயரத்தை எடுப்பார். அவற்றுக்கு இடைப்பட்ட நிலத்தின் வடிவத்தைக் கண்ணால் பார்த்தே கோடாக வரைவார். உச்சியில் முக்கோணக் குறியோடு அச்சான உயரம் மிக நம்பகமானது. அதே உச்சிக்குக் கீழே, காட்டுக்குள் மறைந்த ஓடைப் பள்ளத்தில் ஓடும் கோடு, திறமையான ஒருவரின் மதிப்பீடு. இரண்டும் ஒரே தாளில் அச்சாகியிருப்பதால் நமக்கு ஒரே எடையுள்ளவை போலத் தோன்றுகின்றன. இதை அவர்களின் குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தாள் ஒரு படை நடக்கவும், ஒரு கலெக்டர் முகாமிடவும் வரையப்பட்டது. கன மீட்டர் எண்ண வரையப்படவில்லை.

எனவே அங்குலத் தாளிலிருந்து கன அளவு எடுப்பதையே கைவிட்டோம். அதைச் சொன்னபோது வழக்கறிஞர் குழுவின் மூத்தவர், “அப்போ பழைய மேப்பே வேண்டாங்கறீங்களா?” என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களை வேறு பக்கம் திருப்பியது. அவருக்கு உண்மையில் தேவை எந்தக் காலத்துக்கு முந்தைய மலை?

சண்டூரில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாங்கனீசு எடுத்தார்கள். தோணிமலையில் பெரிய அளவில் இரும்புச் சுரங்கம் 1977இல் தொடங்கியது. ஆனால் வழக்குகளின் மையம் 2003க்குப் பிறகு சீன ஏற்றுமதிக்காக நடந்த பெருவெட்டு. அது 2011 ஜூலையில் உச்ச நீதிமன்ற ஆணையால் நின்றது. அந்த வெட்டுக்கு முந்தைய மலையை 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாளில் ராடாரால் அளந்து வைத்திருக்கிறது. எஸ்ஆர்டிஎம் என்று நாங்கள் தினமும் புழங்கும் தரவு அதுதான். வெட்டுக்கு முன் ஒன்று, வெட்டு நின்ற காலத்தை ஒட்டி மற்றொன்று என இரண்டு ராடார் அளவீடுகள் கையிலிருக்க, நூற்றாண்டுப் பழமையின் மேல் இருந்த மயக்கத்தால் நாங்கள் துணித் தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த இரண்டையும் கழிப்பதற்கு முன் அவற்றின் உயர அடிப்படைகள் (உயரத்தை எந்தக் கடல்மட்டத்திலிருந்து எண்ணுவது என்பது) வெவ்வேறானவை என்பதைக் கவனித்துச் சமன் செய்தோம். பிறகு வெட்டாத சரிவுகளைத்தான் முதலில் கழித்தோம். வேறுபாடு சில மீட்டருக்குள் நின்றது; பெரும்பாலும் மரங்களின் உயரம்.

களத்தில் இரண்டு நாள்

ஆறாம் வாரம் ஹம்பி எக்ஸ்பிரஸில் ஹோஸ்பேட்டைக்குப் போய் அங்கிருந்து சண்டூர் சேர்ந்தோம். நோக்கம், பழைய தாளின் கிடைமட்டப் புள்ளிகளைச் சோதிப்பது. குமாரசுவாமி கோவில் தாளில் இருந்த இடத்திலேயே இருந்தது; துண்டு வாரியாகப் பொருத்திய பிறகு விலகல் முப்பது மீட்டருக்குள். ஓர் ஏரிக்கரையின் வளைவும் அவ்வாறே பொருந்தியது. நாரிஹள்ளா ஓடை முகட்டைக் குறுக்கே பிளந்து செல்லும் இடம் எந்த வரைபடத்திலும் தவற முடியாத குறி, அதையும் எடுத்துக்கொண்டோம்.

முக்கோணக் குறியிட்ட ஓர் உச்சியைத் தேடிப் போனபோது, குத்தகை எல்லைக்கு வெளியே நின்று பார்க்க மட்டுமே முடிந்தது. உச்சி இருந்த இடம் படிப்படியாக வெட்டிய மேடையாகியிருந்தது. அந்தத் தாளில் ஐயமில்லாமல் நம்பத்தக்க உயரம் அது ஒன்றுதான். அளவையர் கல் நட்ட பாறையே இப்போது இல்லை. ஐயா நோட்டில் ‘கல் இல்லை’ என்று எழுதித் தேதி போட்டார்.

இங்கும் ஒரு சிறு சறுக்கல் நேர்ந்தது. பொறியாளரின் கருவி காட்டிய உயரங்கள் தாளோடு ஒட்டாமல் ஒரே சீராகக் குறைந்து வந்தன. கருவி நீள்வட்டகத்திலிருந்து எண்ணிய உயரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. தாளில் இருப்பது கடல்மட்ட உயரம். பெங்களூரிலேயே இவ்விரண்டுக்கும் எண்பது மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. அமைப்பை மாற்றியதும் சரியாயிற்று.

பின்விளைவு

பத்தாம் வாரம் கொடுத்த அறிக்கையில் மூன்று பகுதிகள் இருந்தன. 2000க்கும் 2015க்கும் இடைப்பட்ட கன இழப்பு, வெட்டாத சரிவில் கண்ட பிழையளவோடு சேர்த்து, ஒரே எண்ணாக இல்லாமல் கீழ்வரம்பு மேல்வரம்பாகத் தரப்பட்டது. 2000க்கு முந்தைய காலத்துக்குக் கன அளவு தரவில்லை. மேற்பரப்பு கலைக்கப்பட்ட பரப்பளவை மட்டும் தந்தோம். மூன்றாவது பகுதி பழைய தாளுக்கே உரியது: முகட்டுக் கோட்டின் இருப்பு, ஓடைகளின் தலைப்புகள், நடைபாதைகள், ஊர்ப் பெயர்கள்.

கீழ்வரம்பு எங்கள் முதல் எண்ணில் பாதியைக் கூட எட்டவில்லை. அது காலத்தைச் சுருக்கியதாலும் நேர்ந்தது என்பதை விளக்கியும், வழக்கறிஞர் குழுவுக்கு ஏமாற்றமாகவே இருந்தது. கட்டணத்தில் சிறிது பிடித்தார்கள், நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு அதிகம் பயன்பட்டது மூன்றாம் பகுதிதான். பள்ளத்தாக்கு ஊர் ஒன்றிலிருந்து முகட்டைத் தாண்டிச் சென்ற ஒரு நடைபாதையும், அதன் பக்கத்தில் பிறந்த ஓர் ஓடையும் அங்குலத் தாளில் தெளிவாக இருந்தன. இன்று இரண்டும் குத்தகைக்குள் கழிவு மண் கொட்டிய மேட்டின் கீழ் இருக்கின்றன. ‘இங்கே ஒரு வழி இருந்தது’ என்று ஊரார் சொல்லிவந்ததற்கு அச்சான சான்று அந்தத் தாளில் கிடைத்தது. பாதை எங்கே போயிற்று என்பதைச் சொல்வதற்கு முப்பது மீட்டர்ப் பிழை ஒரு தடையல்ல.

இப்போது மாற்றியிருப்பவை

பழைய தாள் எது வந்தாலும் முதல் வேலை, ஸ்கேனைப் பெரிதாக்கி மடிப்புகளைப் பார்ப்பது. துணியில் ஒட்டியதாக இருந்தால் மடிக்காத பிரதி கிடைக்குமா என்று கேட்ட பிறகே வேலையை ஏற்றுக் கையெழுத்திடுகிறோம். பொருத்தப் பயன்படுத்தாத எட்டுப் புள்ளிகளாவது சோதனைக்கென்று ஒதுக்கப்படுகின்றன. எவரும் தொடாத நிலம் கணக்கின் வெளியே வைக்கப்படுவதில்லை. எந்தக் கழித்தலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. தற்காலிக எண்ணை மின்னஞ்சலில் அனுப்புவதை நிறுத்திவிட்டோம். வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு வந்து திரையில் பார்க்கலாம். வழக்கறிஞர்களுக்கு இது பிடிக்கவில்லை.

கேட்டவரின் கேள்வியை அப்படியே ஏற்றதுதான் முதல் தவறு என்று நான் கருதுகிறேன். பொறியாளர், சந்துகளைக் காணாததுதான் என்கிறார். அதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடில்லை. 57 ஏ/12இன் மடிக்காத பிரதி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அது கிடைக்கும் வரை அந்தத் தாளின் சமஉயரக் கோடுகளை எந்த அறிக்கையிலும் உயரமாகப் பயன்படுத்துவதில்லை என்று அலுவலகக் கோப்பில் எழுதி வைத்திருக்கிறோம். கீழே மூவரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.